நாற்பத்தொன்றாம் கதை

பேயைக்கூட நம்பிவிடுவேன், பேய்க்கதை எழுதுகிறவர்களை நம்பவே மாட்டேன். எங்கள் திகில் கதைத் தொகுப்புக்கு வந்து விழுந்த தொண்ணூற்று நான்கு கதைகளில் முப்பதுக்கு மேல் பிஜி ஹாஸ்டல் கண்ணாடியில் பெண் உருவம். பன்னிரண்டில் லிஃப்ட் பதிமூன்றாவது மாடியில் தானாக நின்றுவிடுகிறது. என் வீட்டுக்காரர் சுனில் லிஃப்ட் மெக்கானிக். இருபது வருஷத்தில் அவர் லிஃப்டுக்குள் பார்த்த ஒரே பயங்கரம் அபார்ட்மென்ட் செக்ரட்டரிதான்.

ஆஸ்டின் டவுனில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் எங்கள் பதிப்பகம். நானும் கிளெமென்டும்தான் மொத்த ஆட்கள். இது எங்கள் முதல் புத்தகம். கதைகளைக் கிளெமென்ட் வாங்குவான், எழுதியவர் பெயரை எடுத்துவிட்டு நம்பர் போட்டு என்னிடம் தருவான். நான் திருத்தம் எழுதினால் அவனே அனுப்பி, பதிலும் வாங்கித் தருவான். நான் போட்ட ரூல்தான். தெரிந்தவர் கதை என்று தெரிந்தால் பேனா தயங்கும் பாருங்கள், அதற்காக.

நாற்பத்தொன்றாம் கதையில் பேயே இல்லை. ஒரு ரயில்வே கார்டு. அவன் மனைவி ஓயாமல் பேசுகிறாள், அவன் வாயைத் திறந்தால் பாதியிலேயே திருத்துகிறாள். ஒரு நாள் அவன் பேசுவதை நிறுத்திவிடுகிறான். தலையாட்டுகிறான், சிரிக்கிறான், போட்டதைச் சாப்பிடுகிறான். அவளுக்குத் தெரியவே இல்லை. பதினோராம் நாள் காலையில் டீ கேட்க வாயைத் திறக்கிறான், குரல் வரவில்லை. அவ்வளவுதான் கதை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. புத்தகத்தின் முதல் கதை இதுதான் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

ஒரே ஓர் இடம்தான் உறுத்தியது. ஓரத்தில் சிவப்பில் எழுதினேன்: "பதினோரு நாள் நம்பும்படி இல்லை. எப்பேர்ப்பட்ட மண்டைக்கனம் பிடித்தவளும் மூன்றாம் நாள் கண்டுபிடித்துவிடுவாள். மூன்று என்று மாற்றவும்."

பதில் வந்தது: "இதற்கு மேல் குறைக்க முடியாது."

திமிரைப் பாருங்கள்! மாற்றாவிட்டால் கதை வராது என்று எழுதினேன். "சரி, எடுத்துவிடுங்கள்" என்று ஒரே வரியில் வந்தது. அது வந்தது வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை ஃபைல் அச்சகத்துக்குப் போக வேண்டும். அந்தக் கதை இல்லாவிட்டால் எங்கள் முதல் புத்தகத்தில் வெறும் கண்ணாடியும் லிஃப்டும்தான் மிச்சம்.

"அந்தாளு நம்பரைக் குடு. நானே பேசிக்கறேன்" என்றேன்.

"ரூல் போட்டது நீங்கதானேக்கா" என்றான் கிளெமென்ட்.

"ரூலைத் தூக்கிக் குப்பையில போடு. குடுடா."

அவன் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஒரு சீட்டில் எழுதி நீட்டிவிட்டு, டீ குடிக்கப் போவதாகச் சொல்லி இறங்கிப் போனான். நான் நம்பரை அடித்தேன். எட்டாவது எண்ணுக்கே போன் பெயரைக் காட்டிவிட்டது. சுனில்.

சொந்தப் புருஷன் நம்பரே எனக்கு மனப்பாடம் இல்லை. கம்ப்ளெய்ன்ட் புக்கைத் தவிர அவர் எதுவும் எழுதி நான் பார்த்ததும் இல்லை. போன மாசம் இதே கிளெமென்டிடம், "எங்க வீட்டுக்காரர் இப்பல்லாம் எதிர்த்தே பேசறதில்லடா, தங்கமான மனுஷன்" என்று பெருமையடித்தது ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

வீடு நாலு தெரு தள்ளித்தான். வியாழக்கிழமை அவருக்கு வார லீவு. சமையல்கட்டில் உட்கார்ந்து ஊறவைத்த அவரைக்கொட்டையைப் பிதுக்கிக்கொண்டிருந்தார்.

"நாப்பத்தொண்ணு நீங்கதானா?"

தலையாட்டினார்.

"தலையாட்டாதீங்க! வாயைத் தொறந்து சொல்லுங்க."

"நான்தான்."

"என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொல்ல ஆரம்பிச்சேன். நீ..."

"அதுக்காக ஊருக்கே படிச்சுக் காட்டணுமா?" என்று பாய்ந்தேன். அவர் சட்டென்று நிறுத்திவிட்டு மறுபடி அவரைக்கொட்டையை எடுத்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன். அவர் பேசுகிற வரைக்கும் சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கடைசியில் சொன்னார்: "யார் யார் கதையோ எல்லாம் நீ முழுசா படிக்கிற, பாஞ்சாலி. அதான் அனுப்பினேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பெரிய எடிட்டர் என்று அலைந்தேனே, என் தலையில் இடி விழ! மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பதினோரு நாள் நெசமாவே பேசலியா?" என்று கேட்டேன்.

"பதினொண்ணு இல்ல, பத்தொம்போது" என்றார், பருப்பைக் கிண்ணத்தில் போட்டபடி. "யாரும் நம்ப மாட்டாங்கன்னு கொறச்சேன்."

உடனே கிளெமென்டுக்குப் போன் போட்டேன். "நாப்பத்தொண்ணுதான் மொதல் கதை. பதினொண்ணை எடுத்துட்டுப் பத்தொம்போதுன்னு போடு."

"வேணாம் பாஞ்சாலி, நம்ப மாட்டாங்க" என்றார் அவர்.

"நம்பாதவங்க எனக்குப் போன் பண்ணட்டும். நான் சொல்றேன்."