சங்கு ஊதினால் வேலை முடிந்ததா?

சம்பத்துக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்று நர்சிங் ஹோம் வாசலிலேயே சித்தி பஞ்சவர்ணம் சொன்னாள். வெள்ளானூர் வீட்டில் வெந்நீர் போட்டு வைக்கச் சொல்லி ஆள் அனுப்பியாகிவிட்டது. காய்ச்சல் விட்டால் தலைக்கு ஊற்றி, மிளகு ரசத்தில் சோறு கரைத்துக் கொடுப்பது எங்கள் குடும்ப வழக்கம். சித்தப்பா கங்காதரன் ஆட்டோவும் பேசிவிட்டார்.

சம்பத் அவர்களுடைய மகன். ஏரிக்கரையில் துருப்பிடித்த தகரம் தொடையைக் கிழித்து, புண் சீழ் பிடித்து, கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது. முந்தின நாள்வரை உடம்பு கொதித்தது.

எனக்குப் பகலில் கார்மென்ட்ஸ் வேலை; சாயங்காலம் அம்பத்தூரில் லேப் டெக்னீஷியன் வகுப்பு. எதையும் சரிபார்க்காமல் வாய் திறக்க மாட்டேன். அன்றும் முதலில் பார்த்தேன். நெற்றி சில்லென்று இருந்தது, பாதமும் அப்படியே. மூச்சு வேகமாக வந்தது. சிறுநீர் சேரும் பை காலையில் பார்த்ததற்கு மேல் நிறையவில்லை. ரத்தப் பரிசோதனைத் தாளில், முதலில் ஏறியிருந்த வெள்ளை அணுக்கள் இப்போது மிகவும் குறைந்திருந்தன. கூப்பிட்டதும் கண் திறந்து, ஆள் தெரியாமல் என்னை "அம்மா" என்றான்.

தேறியவன் பசிக்கிறது என்பான். இவன் எதுவும் கேட்கவில்லை.

வகுப்பில் சொன்னது நினைவுக்கு வந்தது. கிருமி நுழைந்தால் வெள்ளை அணுக்கள் இரண்டு விதமான செய்தி அனுப்பும். ஒன்று, சூட்டைக் கிளப்பு, அடி என்பது. மற்றது, போதும், அடங்கு என்பது. அது இல்லாவிட்டால் சண்டையில் நம் உறுப்புகளே கெட்டுப்போகும். இன்டர்லூகின் பத்து என்ற புரதம் அந்த இரண்டாம் வகை. கடுமையான நோயில் சிலருக்கு இந்த அடக்கும் செய்தி அளவு மீறிவிடும், கிருமி உள்ளேயே இருக்க அணுக்கள் ஓய்ந்துவிடும் என்று இப்போதுதான் கண்டுவருகிறார்களாம். நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று தெரியாது. ஆனால் டாக்டர் பார்க்காமல் இவனை நகர்த்தக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"சித்தப்பா, டாக்டர் வந்து பாக்கட்டும். அப்பால போலாம்."

"இன்னாம்மா டாக்டரம்மா, சாயங்காலம் படிச்சா இப்டித்தான் ஆவுமா? தொட்டுப் பாரு, ஐஸ் கணக்கா கீறான். ஜொரம்தான் வுட்டுப்போச்சே!"

"அதான் பயமா கீது. உங்க ஃபேக்டரில சாயங்காலம் சங்கு ஊதினா இன்னா பண்ணுவீங்க?"

"டூல்ஸ வெச்சுட்டு வந்துகினே இருப்போம்."

"வேலை முடிஞ்சிடுமா?"

"எங்க முடியறது? பாதி மாட்டின இன்ஜின் அப்டியே கெடக்கும்…" சொல்லிக்கொண்டே வந்தவர் மகனைத் திரும்பிப் பார்த்தார்.

"இவன் ஒடம்புல அந்த மாதிரி சங்கு ஊதிட்டாப்ல கீது. ஜொரம் நின்னுச்சு. கிருமி செத்துச்சான்னு யாரு பாத்தது?"

வெளியே ஆட்டோக்காரர் கத்தினார். "அண்ணாத்தே, வர்றியா இல்லியா?"

"நீ வேற சவாரி பாருப்பா," என்றார் சித்தப்பா. சித்தி என்னை முறைத்தாள்.

டாக்டர் பார்த்தசாரதி வந்து பார்த்ததும் அவர் முகம் மாறியது. கட்டைப் பிரித்துத் தொடையை அழுத்தினார். ஆழத்தில் சீழ் தேங்கியிருந்தது.

"சூடு எறங்கினது தேறினதால இல்லம்மா. உடம்பு சண்டை போட முடியாம அடங்கிடுச்சு. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா பையன் கெடைச்சிருக்க மாட்டான்."

உடனே சீழை எடுத்தார்கள், மருந்தை மாற்றினார்கள். இன்டர்லூகின் பற்றி அவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "அதை அளக்க இங்க வசதி கெடையாது. நீ சொல்றது இருக்கலாம்," என்றார். இருக்கலாம் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

சில நாள் கழித்துப் போனபோது சித்தி வாசலில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "ஜொரம் திரும்பிடுச்சுடி!"

உள்ளே ஓடினேன். நெற்றி சுட்டது. ஆனால் பாதமும் சூடாக இருந்தது, மூச்சு சீராக வந்தது, பை நிறைந்திருந்தது.

"ஞானம், துன்றதுக்கு இன்னா கீது?" என்று என் பெயர் சொல்லிக் கேட்டான் சம்பத்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஜொரம் வந்தா இளிக்கிற பொண்ண இப்பதான் பாக்கறேன்," என்றாள் சித்தி.

சித்தப்பா மகனின் பாதத்திலிருந்து கையை எடுக்காமல் கேட்டார். "இன்னாம்மா, காலைச் சங்கு ஊதிட்டானுங்களா?"

"அப்டித்தான் தோணுது சித்தப்பா. இருங்க, டாக்டரக் கேட்டுட்டு வந்து சொல்றேன்."