டிஜோ எழுதிய பகுதி

ரேஷ்மியும் டிஜோவும், நிரலைச் சிப்புக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றும் கம்பைலரை எழுதும் ஒரே குழுவில் வேலை பார்த்தவர்கள். திருவனந்தபுரம் அலுவலகத்துக்கு ஒரே பாசஞ்சர் ரயிலில் போய்வந்தார்கள். மண்டைக்காட்டுக்காரனான டிஜோ இரணியலில் ஏறி, குழித்துறையில் ஏறப்போகும் ரேஷ்மிக்கு ஜன்னலோரம் இடம் போட்டு வைத்திருப்பான். பிறகு கம்பெனி அவனை ஜெர்மனிக்கு அனுப்பியது. ஜன்னலோரத்தில் வேறு யாரோ உட்கார்ந்து வருவதைப் பார்க்க ரேஷ்மியால் முடியவில்லை. திருவட்டாற்று வீட்டு மாடியிலிருந்தே வேலை செய்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். காரணம் கேட்டவர்களிடம் மழை, ரயில் தாமதம் என்று ஏதோ சொன்னாள்.

ஆனி மாதத்தில் ஒரு புகார் வந்தது. ஒரு வாடிக்கையாளரின் மோட்டார் நிரல், சோதனை மேசையில் கொஞ்ச நேரம் ஒழுங்காக ஓடிவிட்டு நின்றுபோகிறது. நிரல் ஓடும்போது தற்காலிகமாக இடம் எடுக்கும் ஸ்டாக் நினைவகம் நிறைந்துவிடுகிறது. கம்பைலரில் சந்தேகத்துக்குரிய பகுதி டிஜோ எழுதியது. இருவரும் சேர்ந்து பார்க்கும்படி மேலாளர் சொன்னார்.

தினமும் மதியம் அவன் அழைத்தான். அவனுக்கு அது காலை. எழுதிய நிரலுக்கும் சிப்புக்கும் நடுவே கம்பைலர் வைத்துக்கொள்ளும் இடைநிலை வடிவத்தைத் திரையில் விரித்துவைத்து, பிளாக் பிளாக்காகப் பார்த்தார்கள். ஒவ்வொரு பிளாக்கின் கடைசியிலும் அடுத்து எந்தப் பிளாக்குக்குப் போவது என்று ஓர் அம்பு காட்டும். அந்த அம்புகளின் வழியே அவன் குரல் போக, அவள் பின்னாலேயே போனாள். நடுவில் அவன் இருமினால், "சுக்குகாப்பி கிடைக்காதா அங்க?" என்று கேட்க நினைப்பாள். கேட்டதில்லை.

புதன்கிழமை அழைப்பு முடிந்தபின் அவள் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது விஷயம் பிடிபட்டது. ஒரு சின்ன ஃபங்ஷனைக் கம்பைலர், திரும்பத் திரும்பச் சுற்றும் லூப்புக்குள் அப்படியே பிரித்து ஒட்டியிருந்தது. தனியாக இருந்தபோது அது ஒவ்வொரு முறை வேலை முடிந்து திரும்பும்போதும் தான் எடுத்த ஸ்டாக் இடத்தை விட்டுவிடும். ஒட்டியபின் திரும்புவது என்பதே இல்லை. இடம் கேட்கும் கட்டளை மட்டும் லூப்புக்குள் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு சுற்றிலும் புதிதாக இடம் எடுத்தது. அதை லூப் இருக்கும் வெளி ஃபங்ஷனின் முதல் பிளாக்குக்கு நகர்த்தினால் ஒரே ஒரு தடவை இடம் எடுக்கும். நகர்த்தி ஓட்டினாள். நிரல் நிற்கவேயில்லை.

செய்தி அனுப்பப் போனவள் அனுப்பாமல் மடிக்கணினியை மூடினாள்.

மறுநாள் மதியம் டிஜோ மறுபடி முதலிலிருந்து தொடங்கினான். அவள் ஊம் கொட்டினாள். அவனுக்குத் தூக்கமில்லை என்று குரலிலேயே தெரிந்தது.

"என் தப்புதாம்னு தோணுது, ரேஷ்மி. எங்கன்னுதான் பிடிகிட்டல. ராத்திரி முழுக்க இதே நெனப்பு."

அவளுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. "டிஜோ, நேத்தே எனக்குக் கிட்டியாச்சு" என்றாள். எல்லாவற்றையும் விளக்கினாள்.

"பின்ன ஏன்ட்டி சொல்லல்ல?"

"சொல்லியிருந்தா இன்னைக்கு விளிச்சிருப்பியா நீ?"

அவன் பக்கத்துத் தெருவில் ஏதோ வண்டி மணியடித்துப் போவது கேட்டது.

"திருத்தினதை அனுப்பு. பாக்கேன்" என்றான் டிஜோ கடைசியில்.

அனுப்பினாள். ஒரு மணி நேரத்தில் ஒப்புதல் வந்தது. கூடவே ஒரு வார்த்தையும் இல்லை. மேலாளர் இருவருக்கும் நன்றி சொன்னார். புகார் மூடப்பட்டது.

வெள்ளிக்கிழமை மதியம் அழைப்பு வரவில்லை. ரேஷ்மி சாப்பிட்டாள், துணி காயப்போட்டாள், மழை தூற, அதையே எடுத்தாள். சனிக்கிழமை அவளுக்கு விடுமுறை, அவனுக்கும்தான். மொபைலைக் கையில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு அவளே அழைத்தாள்.

"என்ன, மறுபடி நின்னுபோச்சா?" டிஜோ பதறினான்.

"இல்ல. நல்லா ஓடுது."

"பின்ன?"

"சும்மா விளிச்சேன்."

"நானும் நேத்து விளிக்கணும்னு எடுத்தேன். என்ன சொல்லி விளிக்கன்னு தெரியல்ல" என்றான். "வைக்காத, கேட்டியா. கதவைச் சாத்திட்டு வாறேன்."

அவள் வைக்கவில்லை.