தேவதாசன் இடித்து வைத்த மருந்து

மடுல்சீமைக்கு மேலே, ரோட்டு முடிந்த இடத்திலிருந்து இன்னும் இரண்டு மைல் நடக்க வேண்டிய ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஆறாம் நம்பர் லயத்து வரிசை வீடுகளில் கடைசிக் காம்பராவின் வாசலில் ஒரு காட்டுப்பன்றி ஐந்து வருஷமும் நாலு மாதமும் படுத்திருந்தது. தன்னைச் சுடுவார்கள் என்று காத்துக்கொண்டு படுத்திருந்தது. பசறையிலிருந்துகூட ஆட்கள் நடந்து வந்து பார்த்தார்கள். பார்த்துவிட்டு, இதுவும் பன்றிதானே என்று திரும்பிப் போனார்கள். காம்பரா தேவதாசனுடையது. பன்றி யாருடையது என்ற சண்டை கடைசிவரை தீரவில்லை.

பன்றிமேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. முப்பத்தொரு வருஷம் தேயிலை வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்த தேவதாசனிடம் அப்பன் காலத்துத் துவக்கு ஒன்று இருந்தது. வாய் வழியாக வெடிமருந்து கொட்டி, தேங்காய் நாரை அடைத்து, ஈயக் குண்டு போட்டு, மறுபடி நார் அடைத்து, இடிகம்பியால் இடித்து இறுக்குகிற துவக்கு. அந்த மலையில் இப்படித் துவக்கு வைத்திருந்தவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. கடைசி நாரை இடிக்கும்போது, இந்த மருந்து யாருக்கு என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முள்ளம்பன்றிக்கு என்றால் இரண்டு விரல் மருந்து, பன்றிக்கு என்றால் நாலு விரல். அளவு மறக்காமலிருக்கத்தான் சொன்னார்கள் என்று படித்தவர்கள் காரணம் கண்டுபிடிப்பார்கள். கண்டுபிடிக்கட்டும். சொன்ன மிருகம் அன்றைக்கு அகப்படாவிட்டால், வரும் வழியில் மண்திட்டில் ஒரு வெடியைப் போட்டுவிட்டு வெறும் துவக்கோடுதான் வீடு வர வேண்டும். இதற்கு யாரும் காரணம் கேட்டதில்லை.

இரண்டாயிரத்துப் பத்தொன்பது ஒக்டோபரில் தேவதாசனின் மரவள்ளிப் பாத்தியை ஒரு கிடாய்ப் பன்றி நாலு நாளில் உழுது போட்டது. அதன் நெற்றியில் ஒரு பிடி வெள்ளை மயிர். அவர் நாலு விரல் மருந்தை இடித்து, "நெத்தி வெள்ளச்சிக்கு" என்று சொல்லிவிட்டு, விடிய முன்னமே மானாப்புல் மலையில் போய்க் குந்தினார். கிடாயைப் போய் வெள்ளச்சி என்றது முதல் தப்பு என்று பக்கத்துக் காம்பரா பொன்னையா பிறகு சொன்னான். அது தப்பில்லை. பத்து மணிவரைக்கும் பனி மூடியே இருந்தது, பன்றி வரவில்லை, அவர் கீழே இறங்கினார். மண்திட்டு வந்தது. அந்த வருஷம் ஒரு கைப்பிடி மருந்து கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. நல்ல மருந்தை மண்ணுக்குக் கொடுப்பானேன், நாளை மறுநாள் திரும்பப் போகத்தானே போகிறோம் என்று நினைத்தார். வெடியைப் பற்றவைக்கும் கேப்பு எனும் செப்புத் தொப்பியை மட்டும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, இடித்த துவக்கை அப்படியே கொண்டுவந்து கூரைக் கட்டையில் சொருகினார். தப்பு இதுதான்.

மறுநாள் மழை. அதற்கு மறுநாள் அவருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் காலையில் அவர் மனைவி றோசாலி பாத்திரம் கழுவிய தண்ணீரை ஊற்றக் கதவைத் திறந்தபோது, இஸ்தோப்புத் திண்ணைக்குக் கீழே நெற்றி வெள்ளைப் பன்றி முன்காலை மடித்துப் படுத்திருந்தது. அவள் கத்தினாள். பிறகு தண்ணீரை அதன் மேலேயே ஊற்றினாள். பன்றி எழுந்து, அவள் போக வழிவிட்டு, நாலடி தள்ளிப் படுத்தது. அதன் பிறகு அது மரவள்ளிப் பக்கம் மூக்கை நீட்டவே இல்லை.

"அண்ணே, ஒங்க மருந்துக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கு. ஒண்ணு போடுங்க, இல்லாட்டி கழட்டுங்க" என்றான் பொன்னையா.

"என் துவக்கு, என் மருந்து. நீ ஒன் கோழியப் பாரு" என்றார் தேவதாசன்.

"கோழியப் பார்க்கத்தான் சொல்றேன். ரெண்டு நாளா முட்டையே போடல."

முதல் மாதம் அவர் சுடாததற்குக் காரணம் உண்டு. படுத்திருக்கிற மிருகத்தைச் சுடக்கூடாது என்று அப்பன் சொல்லியிருந்தார். இரண்டாம் மாதம், பன்றிக்குப் பின்னால் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடினார்கள். மூன்றாம் மாதத்திலிருந்து காரணம் ஒன்றுதான். ஒரு பன்றி வந்து படுத்துக்கொண்டு தனக்கு ஓடர் போடுவதா? தோட்டத்துத் துரை சொல்லியே கேட்காத ஆள் அவர். கொரோனா வந்தது, லயத்தை அடைத்தார்கள், பன்றியையும் சேர்த்து அடைத்தார்கள். காட்டிலாகாக்காரர்கள் என்று சொல்லிக்கொண்டு இரண்டு பேர் வந்து, அதன் நீளத்தை அளந்து எழுதி, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். சாமியார் வந்து ஜெபம் சொன்னபோது பன்றி எழுந்து நின்றது. ஆமென் சொன்னதும் படுத்தது. பொன்னையாவின் மனைவி இராக்கம்மா வெள்ளிக்கிழமைகளில் அதன் நெற்றியில் பொட்டு வைத்தாள். றோசாலி சனிக்கிழமைகளில் அதைத் துடைத்தாள். பெற்றோல் வரிசை வந்தது, கோதுமை மா விலை ஏறியது, இறங்கவில்லை. பன்றி ரொட்டி தின்னப் பழகியது.

பண்டாரவளையில் கட்டிக்கொடுத்த மகள் சஜீவனிக்கு நாலாம் வருஷம் பெண்பிள்ளை பிறந்தது. பிள்ளையைக் கொண்டுவரச் சொல்லி தேவதாசன் ஆளுக்கு மேல் ஆள் விட்டார். மகள் வரவில்லை. தலைக்கு மேலே மருந்து நிறைந்த துவக்கு தொங்குகிற வீட்டில் தன் பிள்ளையைத் தூங்க வைக்க மாட்டேன் என்று போனில் சொன்னாள். கேப்பு இல்லாத துவக்கு வெறும் குழாய் என்று அவர் கத்தினார். அவள் போனை வைத்துவிட்டாள்.

றோசாலி பெட்டியைக் கட்டினாள்.

"எங்க போற?"

"பேத்தியப் பார்க்க."

"எப்ப வருவ?"

"அந்தத் துவக்கு வெறுந்துவக்கா ஆகுற அன்னைக்கு வாறேன். பன்னிக்காகச் சொல்லலங்க. பன்னி இருந்துட்டுப் போகட்டும். வீம்புக்கு வச்சிருக்கீங்களே, அதோட இனி நான் படுக்க மாட்டேன்."

பஸ் ஏறிப் போய்விட்டாள். ஒரு கிழமையில் வந்துவிடுவாள் என்று அவர் நினைத்தார். ஒன்றரை வருஷம் ஆயிற்று. அவர் சுட்ட ரொட்டியை அவரே தின்ன முடியாமல் பன்றிக்குப் போட்டார். பன்றியும் யோசித்துத்தான் தின்றது. பேத்திக்குப் பல் வந்தது என்று பொன்னையாவின் போனில் படம் வந்தது. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்றும் படம் வந்தது. அந்தப் படத்தை அவர் பொன்னையாவிடம் மூன்று தரம் கேட்டு வாங்கிப் பார்த்தார். நாலாம் தரம் கேட்க வெட்கப்பட்டு, துவக்கை இறக்கினார்.

இடிகம்பியில் திருகாணியைப் பொருத்தி நாரைக் கழற்றப் பார்த்தார். திருகாணி வளைந்தது. குழாய்க்குள் தண்ணீர் ஊற்றினார். இரண்டு வாளித் தண்ணீரைத் துவக்கு குடித்தது, ஒரு சொட்டும் வெளியே வரவில்லை. கேப்பை மாட்டி, வாசலுக்கு எதிரே இருந்த ஒரு மண்திட்டைப் பார்த்து விசையை இழுத்தார். 'டிக்' என்றது. ஏழு கேப்பு, ஏழு டிக். எட்டாவதுதான் கடைசிக் கேப்பு.

"பேர் சொல்லி இடிச்சதுண்ணே. மண்ணுக்கு எப்படிப் போகும்?" என்றான் பொன்னையா.

"வாய மூடு."

"மூடிக்கிறேன். ஆனா அதப் பாருங்க."

பன்றி எழுந்து நின்றிருந்தது. ஐந்து வருஷத்தில் அதன் முதுகு மயிர் உதிர்ந்து, கொம்புப்பல் மழுங்கி, கண் பூத்திருந்தது. மெதுவாகத் திரும்பி, தோள்பட்டையைச் சரியாக அவர் பக்கம் காட்டியது. தேவதாசனுக்கு எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது. சோறு போட்டுச் சுட வேண்டிய நிலைமைக்கு ஒரு மனுஷனைக் கொண்டுவந்து நிறுத்துவதற்கு இந்தச் சனியனுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? பிள்ளைகளை உள்ளே போகச் சொன்னார். துவக்கைத் தோளில் வைத்தார். "நான் கேட்டேனா ஒன்னை வரச் சொல்லி?" என்று அதனிடம் கத்திவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுத்தார்.

வெடி வந்தது. சத்தம் தெமோதரை ஸ்டேசன்வரை போனதாகச் சொன்னார்கள். புகை கலைந்தபோது, ஐந்து ஈயக் குண்டுகள் துவக்கு வாயிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக, கிழவர்கள் கோயிலுக்குப் போகிற நடையில், காற்றில் வந்துகொண்டிருந்தன. ஐந்து வருஷம் ஓரிடத்தில் குந்தியிருந்த குண்டுகள்; வேறெப்படி வரும்? முதலாவது பன்றியின் தோளைத் தொட்டு, தட்டிக்கொடுத்தது போல் ஒரு சத்தம் போட்டுக் கீழே விழுந்தது. அப்படியே இன்னும் மூன்று. பன்றி நாலையும் மோந்து பார்த்தது. பெருமூச்சு விட்டது. பிறகு, யாரையும் பார்க்காமல், தேயிலைக்கு நடுவே ஏறி மானாப்புல்லுக்குள் போய்விட்டது.

தேவதாசன் பண்டாரவளைக்குப் போன் எடுத்தார். றோசாலி நம்பவில்லை. சனிக்கிழமை மகளோடும் பேத்தியோடும் வந்து, வாசலில் நின்றபடியே, இடிகம்பியைக் குழாய்க்குள் விடச் சொன்னாள். கம்பி அடிவரை போய் இரும்பில் 'டங்' என்றது. இன்னொரு தரம் விடச் சொன்னாள். மூன்றாம் தரம் அவளே விட்டுப் பார்த்தாள். பிறகுதான், வாசலுக்கு நடுவே இடுப்பு உயரத்தில் நின்ற ஐந்தாவது குண்டைக் கண்டாள். அது நிற்கவில்லை. ஒரு நாளைக்கு ஒரு நெல் நீளம் நகர்ந்துகொண்டிருந்தது.

"இது என்னாங்க?"

"அது வந்துக்கிட்டிருக்கு" என்றார்.

றோசாலி அதைச் சுற்றி ஒரு தரம் நடந்தாள். "வெளியில வந்த குண்டப் பார்த்து ஒதுங்கிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பேத்தியை உள்ளே தூக்கிப்போய், அடுப்பைப் பார்த்து, இதுவா அடுப்பு என்று திட்டத் தொடங்கினாள். சாயங்காலம்வரை திட்டினாள். தேவதாசன் அவள் கேட்ட விறகைப் பிளந்து கொடுத்தார்.

உடுப்புக் காயப்போடும் கயிற்றை இரண்டடி தள்ளிக் கட்டினார்கள். அந்தக் குண்டு பன்றி படுத்திருந்த இடத்தைக் கடந்து இப்போது பொன்னையாவின் வேலிக்கு நேராகப் போய்க்கொண்டிருக்கிறது. அடுத்த தீபாவளிக்குள் வந்து சேரும் என்று கணக்குப் பார்த்து, பொன்னையா வேலிப் பலகையில் ஒன்றை இப்போதே கழற்றி வைத்துவிட்டான்.