ஒன்பது மில்லிமீட்டர்

“சித்தப்பா, அங்க நிக்காதீங்க! சங்கிலிக்கு நேரா நிக்காதீங்கன்னு எத்தன தடவ சொல்றது?”

ட்ரூடி போட்ட சத்தத்தில் மெர்வ் இரண்டே எட்டில் ஷெட்டுச் சுவரோரம் போய் ஒட்டிக்கொண்டார். அறுபத்தாறு வயது ஆள். அண்ணன் மகளிடம் ஏச்சு வாங்கியதில் காதுமடல் சிவந்துபோயிற்று. மழைத்தண்ணீர்த் தொட்டியில் நனைத்த கோதுமைச் சாக்குகளைச் சுமந்துகொண்டு வாசலில் நின்ற வெர்னா, யாருக்குப் பரிந்து பேசுவதென்று தெரியாமல் சாக்குகளை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். சாக்குத் தண்ணீர் அவள் பூட்ஸுக்குள் இறங்கியது.

அவள் கணவர் கிளெம் நேற்றுக் காலை பத்தரை மணிக்குப் போய்ச் சேர்ந்திருந்தார். ஷெட்டிலிருந்து வந்தார், கை கழுவினார், “டீ போடேன்” என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் கோப்பையோடு திரும்பி வருவதற்குள் நாற்பத்தாறு வருஷக் குடித்தனம் முடிந்துவிட்டது. உடம்பை டவுனுக்குக் கொண்டு போய்விட்டார்கள். அவர் விட்டுவிட்டுப் போன வேலை மட்டும் ஷெட்டில் அப்படியே நின்றது.

அந்த வேலை, அவருடைய வெள்ளை யூட்; பின்னால் திறந்த தட்டுள்ள பண்ணை வண்டி. முன்பக்கத் தகரத்தையும் பின்னாலிருக்கும் சாமான் தட்டையும் கழற்றி, வெறும் அடிச்சட்டமாக, சேஸிஸாக, நிறுத்தியிருந்தார். பின்பாகத்தைக் கான்கிரீட் தரையில் பதித்த இரும்பு வளையங்களோடு இறுக்கிக் கட்டி, முன்னால் வளைந்த இடத்தை நிமிர்த்த அங்கிருந்து ஒரு தடித்த சங்கிலியைத் தரையின் அந்தக் கோடி வளையத்துக்கு இழுத்திருந்தார். நடுவில் கையால் அடிக்கிற ஹைட்ராலிக் ஜாக். நேற்றுக் காலை அவர் கொடுத்த இழுப்பு இன்னும் சங்கிலியில் இருந்தது. வெர்னா ஷெட்டைப் பூட்டிச் சாவியை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள். வடக்கே சுரங்கத்தில் வெல்டிங் வேலை பார்க்கும் மகள் ட்ரூடி ஒன்பது மணி நேரம் வண்டி ஓட்டி வந்த பிறகுதான் திறந்தாள்.

வியாழக்கிழமை அடக்கம். இந்தப் பக்கத்து விவசாயிகள் தங்கள் சொந்த யூட்டின் தட்டில்தான் கடைசியாகப் போவார்கள். “என்னை அந்தக் கறுப்புக் கண்ணாடிக் கார்ல மட்டும் ஏத்திராதீங்கடா. நான் என்ன பாங்கு மேனேஜரா?” என்று கிளெம் போன அறுவடையின்போதுகூடச் சொன்னார். இன்று செவ்வாய் ஆகிவிட்டது.

ட்ரூடி ஈரச் சாக்குகளை வாங்கிச் சங்கிலியின் மேல் வரிசையாகப் போர்த்தினாள். “அறுந்துச்சுன்னா இந்தக் கனத்துல அங்கேயே விழுந்துரும். இல்லன்னா ஷெட்டுக் கூரையப் பேத்துக்கிட்டுப் போகும். குறுக்க எவன் நின்னாலும் அவனையும் சேத்துத்தான்.”

“எனக்குத் தெரியாதாக்கும்” என்றார் மெர்வ். “இதுக்கு ஏன் இந்தப் பாடு? என் கேஸ் டார்ச்சக் கொண்டு வரேன். செக்கச் செவேல்னு காய்ச்சி ரெண்டு தட்டு தட்டினா வெண்ணெயா வளையும். சாப்பாட்டுக்கு முன்னாடி முடிஞ்சுரும்.”

“முடியும், முடியும். இரும்பு வலுவெல்லாம் போயிரும். அப்பாவ மேல வெச்சுக்கிட்டுக் கல்லற வாசல்ல ரெண்டா ஒடையும். நீங்க ஒரு பக்கம் தாங்குவீங்களா?”

“உங்கப்பன் மாதிரியே வாய்.”

“வேற யார் மாதிரி இருக்கும்?”

மெர்வ் சிரித்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டார். “எல்லாம் அந்தப் பாழாப் போன கங்காருவால வந்தது” என்றார்.

வெர்னா குனிந்து தன் பூட்ஸைப் பார்த்தாள். கங்காருவே கிடையாது. மூன்று வாரத்துக்கு முன் அவளுடைய கார் பழுது பார்க்கப் போயிருந்ததால் யூட்டை எடுத்துக்கொண்டு ரொட்டி வாங்கப் போனாள். திரும்பி வரும்போது சொந்த வாசல் கேட்டில், பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டாள். வேலி மூலையில் நட்ட பழைய தண்டவாளத் துண்டு அசையவில்லை, வண்டிதான் வளைந்தது. கிளெம் ஓடி வந்து முதலில் அவள் நெற்றியைப் பார்த்தார், பிறகு ரொட்டியைப் பொறுக்கினார், அப்புறம்தான் வண்டியைப் பார்த்தார். “கங்காரு குறுக்க வந்துச்சு. நான்தான் ஓட்டினேன். சரியா?” என்றார். அவ்வளவுதான். அந்தக் கங்காரு முதல் ஞாயிறு சர்ச்சில் நாலடி இருந்தது. மூன்றாவது ஞாயிற்றில் ஆறடியாக வளர்ந்து போதகரையே வியக்க வைத்தது.

அதிலிருந்து தினமும் காலையில் ஷெட்டிலிருந்து ஜாக்கின் டங், டங் சத்தம் சமையலறைக்குக் கேட்கும். பலவீனமான இதயம், எடை தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி இரண்டு வருஷம். ஒவ்வொரு டங்குக்கும் அவள் கையில் இருந்த பாத்திரம் நின்று நின்று போகும். வேண்டாம் விடுங்கள் என்று போய்ச் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால், ஏன் வளைந்தது என்ற பேச்சு வந்துவிடும்.

ட்ரூடி பக்கவாட்டில் நின்றபடி ஜாக்கை ஒரு அடி அடித்தாள். சங்கிலி முனகியது. நிறுத்தினாள். காத்திருந்தாள். இன்னொரு அடி. பிறகு மெல்ல இழுப்பைத் தளர்த்தி, நூலில் கட்டிய தொங்குகுண்டைச் சேஸிஸிலிருந்து தரைக்கு விட்டு, அப்பா சாக்பீஸால் போட்ட குறிகளுக்கு மேல் தன் குறியைப் போட்டாள். இழுத்தது கொஞ்சம் திரும்பிப் பின்வாங்கும். அதனால் வேண்டியதைவிடத் துளி அதிகம் இழுக்க வேண்டும். இப்படி மூன்று முறை ஆயிற்று.

குனிந்தவள் முன்பக்கத்தை உற்றுப் பார்த்தாள். “அம்மா, ஆறடிக் கங்காருன்னா கொஞ்சம் முடியாவது ஒட்டியிருக்கணுமே. இங்க துருதான் ஒட்டியிருக்கு. தண்டவாளத் துரு மாதிரி.”

வெளியே தொட்டியின் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

“நான்தான்” என்றாள் வெர்னா. “கேட்டுல மோதுனது நான்தான். உங்கப்பா மறச்சாரு. இத நிமிர்த்தறேன்னு அடிச்சு அடிச்சுத்தான் அவர் நெஞ்சு நின்னுச்சு. நான் கொன்னுட்டேன், ட்ரூடி.”

சொல்லிவிட்டு அவள் தலைகீழாகக் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்தாள். மெர்வ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். “அப்ப அந்த ஆறடி…?” என்று ஆரம்பித்து, ட்ரூடியின் பார்வையைக் கண்டு நிறுத்திக்கொண்டார்.

ட்ரூடி அம்மாவிடம் வரவில்லை. தரையில் முட்டிபோட்டு, சங்கிலியை ஒட்டிக் கிறுக்கியிருந்த சாக்பீஸ் எழுத்தை விரலால் தொட்டுப் படித்தாள். “இங்க வாம்மா. தேதி போட்டிருக்காரு பாரு. மூணாந்தேதி, ரெண்டு அடி. நாலாந்தேதி, ஒண்ணு. அஞ்சாந்தேதி, ‘ஃபுட்பால்’. ஒரு அடிகூட இல்ல. நேத்திக்கு ஒண்ணு. மூணு வாரத்துக்கும் சேத்து முப்பது அடி வராது. ஒரு கொழந்த அடிக்கலாம் இத.”

“சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சேடி.”

“பீன்ஸ் டின்னுல ஸ்பானரத் தட்டியிருப்பாரு. ரேடியோவுல பாட்டு வந்தாலும் நம்ம டீம் கோல் போட்டாலும் அப்படித்தானே தட்டுவாரு? இந்த ஸ்டூலப் பாரு, குஷன் போட்டு வெச்சிருக்காரு.”

குஷன் வரவேற்பறையிலிருந்து காணாமல் போன பச்சைக் குஷன். வெர்னா அதைப் பத்து நாளாகத் தேடிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் நேற்றிலிருந்து வராத அழுகை வந்தது, வந்தபோது நிற்கவில்லை. மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கிரீஸ் கையை அவள் தோளில் போட்டாள்.

முன்பக்கம் நேராகிவிட்டது. ஆனால் கடைசியாக முன் மூலையிலிருந்து பின் மூலைக்கு இரண்டு பக்கமும் குறுக்காக அளந்தபோது கணக்கு இடித்தது. இரண்டு அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்பது மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தது. ட்ரூடி திரும்ப அளந்தாள். அதே ஒன்பது. பிறகு பின் குறிக்குப் பக்கத்தில் அப்பாவின் எழுத்தைக் கண்டாள்: 9, அதைச் சுற்றி ஒரு வட்டம். கீழே, ‘பழசு. இருக்கட்டும்.’

அவள் டார்ச் லைட்டோடு வண்டிக்கு அடியில் ஊர்ந்தாள். “கேபினுக்குப் பின்னால ஒரு மடிப்பு இருக்கு. உள்ள துரு, மேல பிரஷ்ஷால பெயிண்ட். இது அம்மா பண்ணினதில்ல. இருபது வருஷம் இருக்கும்.”

மெர்வ் இருமினார். இருமல் தேவைக்கு மேல் நீண்டது.

“சித்தப்பா?”

“எனக்கு என்ன தெரியும்?”

“மெர்வ்” என்றாள் வெர்னா.

“அண்ணி, அவன் என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கான்.” தொப்பி இன்னொரு சுற்றுச் சுற்றியது. “அந்தப் பெரிய மாலி மரத்து வேர்க்கட்ட. வீட்டுக்குப் பின்னால இருந்துச்சே. புது வண்டிய வெச்சு இழுக்காதீங்க, டிராக்டர் வரட்டும்னு நீங்க சொன்னீங்க. நீங்க அந்தப் பக்கம் சர்ச்சுக்குப் போனீங்க, இந்தப் பக்கம் சங்கிலியக் கட்டிட்டான். வண்டி வந்து ரெண்டு வாரம்கூட ஆகல. சும்மா இழுத்தா வரலேன்னு வண்டியப் பின்னால எடுத்து வேகமா முன்னால விட்டு ஒரு வெட்டு வெட்டினான் பாருங்க… கட்ட வந்துச்சு. வண்டியும் ஒரு மாதிரி ஆயிருச்சு.”

“நெருப்பு வெச்சு எரிச்சேன்னு சொன்னாரே!”

“எரிச்சான். இழுத்துப் போட்டப்புறம் எரிச்சான்.”

வண்டி வாங்கிப் பத்தொன்பது வருஷம்! அவளுடைய மூன்று வார ரகசியத்துக்கு அவள் உயிரை விட்டுக்கொண்டிருந்தாள். அந்த மனுஷன் பத்தொன்பது வருஷம் ஒரு வளைவின் மேல் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு, கண்ணாடியில் தலை சீவிக்கொண்டு இருந்திருக்கிறார். அவளுக்குக் கோபம் வந்தது. நல்ல, உயிருள்ள கோபம். அவர் எதிரில் இல்லையே என்றிருந்தது.

“அதான் வண்டி நண்டு மாதிரிக் கொஞ்சம் சாஞ்சு போகும்” என்றாள் ட்ரூடி, அடியிலிருந்து வெளியே வந்து. “முன்சக்கரம் போன தடத்துல பின்சக்கரம் போகாது. மண் ரோட்டுல ரெண்டு கோடு விழ வேண்டிய இடத்துல நாலு விழும்.”

வெர்னா அதைக் கேட்டு நிமிர்ந்தாள். நாலு கோடு. தினமும் அவள் தபால் எடுக்கப் போகும்போது பார்க்கிற கோடு. உள்ளே வந்த நாலு கோடு இருந்தால் கிளெம் வந்துவிட்டார், கெட்டிலை வைக்கலாம். யூட் என்றால் நாலு கோடு போடும் என்றே அவள் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

“நாளைக்கு முழுசா இருக்கு” என்றாள் ட்ரூடி. “சங்கிலிய மாத்திக் கட்டினா சாயங்காலத்துக்குள்ள இதையும் நேராக்கிரலாம். என்னம்மா சொல்ற?”

வெர்னா தரையில் இருந்த எழுத்தைப் பார்த்தாள். “இருக்கட்டும்” என்றாள்.

புதன்கிழமை தகரத்தையும் தட்டையும் திரும்பப் பூட்டினார்கள். வியாழக்கிழமை காலை காற்றில்லை. பெட்டியைத் தட்டில் ஏற்றி, வைக்கோல் கட்டும் பட்டையால் ட்ரூடி இரண்டு முறை இழுத்து இறுக்கினாள். அவளே ஓட்டினாள். வெர்னா முன்சீட்டில் உட்கார மாட்டேனென்று சொல்லி, மெர்வின் காரில் ஏறிக்கொண்டாள். யூட் கிளப்பிய வெள்ளைப் புழுதி அடங்கட்டும் என்று மெர்வ் கேட்டருகே கொஞ்ச நேரம் நின்றார்.

புழுதி இறங்கியது. சுண்ணாம்புச் சாலை நீளத்துக்கும், தண்டவாளத் துண்டைத் தாண்டி, நாலு கோடு போயிருந்தது.

மெர்வ் கியரைப் போட்டார்.

“மெர்வ், ஓரமாப் போ” என்றாள் வெர்னா. “அது மேல ஏத்தாத.”

மெர்வ் இடப்பக்கச் சக்கரங்களைக் காய்ந்த புல்லில் இறக்கி, கல்லறை வரைக்கும் அப்படியே குலுங்கிக் குலுங்கி ஓட்டிப் போனார்.