இன்னும் கண் திறக்கலை

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. மூன்று சொல் பொய். தலைப்பில் இருக்கிறதே, அதுதான். சொன்னவள் நான். ஒரு தடவை சொல்லி நிறுத்தவில்லை. ஆறு நாள், நாளுக்கு ஒரு தடவை, டெலிபோனில், குரல் கொஞ்சமும் பிசிறாமல் சொன்னேன்.

முதலிலேயே உடைத்துவிடுகிறேன். கடைசிப் பக்கம் வரை ஒளித்துவைத்து ‘அட, இவள்தானா!’ என்று உங்களைத் திகைக்கவைக்க எனக்குச் சாமர்த்தியம் போதாது. (சாமர்த்தியம் இருக்கிறது, பொறுமைதான் இல்லை என்கிறார் என் கணவர் ரகுநாதன். பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் சொல்லித்தருகிறவர். நான் எழுதுவதையெல்லாம் பென்சிலோடு படிப்பார். அந்தப் பென்சில் இங்கே அங்கங்கே குறுக்கிடும். இருபத்தெட்டு வருஷமாக நான் பொறுத்துக்கொள்கிறேன், நீங்கள் ஒரு அரைமணி பொறுக்கலாம்.)

விஷயம் இதுதான். 1977 ஏப்ரல். மாண்ட்ரியாலில், நோத்ர-டாம்-த-கிரேஸ் பேட்டையில் எங்கள் பழைய செங்கல் கட்டடம். இரண்டாம் மாடியில் நாங்கள். எங்களுக்குக் கீழே உமாபதியும் அவர் மனைவி அனுசூயாவும். க்யூபெக்கைத் தனி நாடாக்குவோம் என்ற கட்சி நவம்பர் தேர்தலில் ஜெயித்த கையோடு, உமாபதியின் கம்பெனி மூட்டை கட்டி டொராண்டோவுக்கு மாற ஆரம்பித்தது. மே இரண்டாம் தேதி, திங்கட்கிழமை, அவர் அங்கே வேலையில் உட்கார்ந்தாகவேண்டும். காரில் போவதாக ஏற்பாடு. கார் குளிர்காலம் முழுக்கப் பின்சந்துக் கொட்டகையில் நின்றது. காருக்குள் எலி குட்டி போட்டிருந்தது. அனுசூயா போகக்கூடாது என்று நான் ஆசைப்பட்டேன்.

கதை அவ்வளவுதான். இனி எழுதவேண்டும்.

2

முதல் ஆரம்பம்:

[மாண்ட்ரியாலில் பனி உருகும்போது மனித மனங்களும் மெல்ல மெல்ல]

வேண்டாம். இந்த ஊரில் பனி உருகினால் நாய் அசிங்கமும் ஒற்றைக் கையுறைகளும்தான் வெளியே வரும். மனம் வந்து நான் பார்த்ததில்லை.

இரண்டாம் ஆரம்பம்:

[ஆனைமுகன் உலகைச் சுற்றிவரத் தேர்ந்த வாகனமானது]

இதிலும் சங்கடம். பிள்ளையாரின் வாகனம் மூஞ்சூறு. காரில் இருந்தது சுண்டெலி. ஓரத்தில் பென்சில்: ‘வாகனம் வேறானால் பாவமும் வேறா?’

சரி, உள்ளது உள்ளபடி ஆயுத பூஜையிலிருந்து தொடங்குகிறேன். உமாபதி அந்தப் பச்சைக் காரை வாங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. “பூஜையெல்லாம் எதுக்கு மாமி? இன்ஷூரன்ஸ் இருக்கு” என்றார். கட்டடம் கட்டுகிற என்ஜினீயர். கம்பியும் சிமெண்டும் சரியாக இருந்தால் கடவுளைத் தொந்தரவு செய்யத் தேவையில்லை என்கிற கட்சி. நான் விடவில்லை. ஸ்டியரிங்குக்குச் சந்தனம், நாலு டயருக்கும் நாலு எலுமிச்சம்பழம். பொரிக்கு எங்கே போவது? பால் விட்டால் படபடவென்று சத்தம் போடுமே, காலையில் வெள்ளைக்காரக் குழந்தைகள் சாப்பிடுகிற பொரிந்த அரிசி, அதில் ஒரு பெட்டி வாங்கிவந்தேன். சர்க்கரையும் பொட்டுக்கடலையும் கலந்து, காருக்குள் முன்னும் பின்னும் தாராளமாக இறைத்தேன்.

அடுத்த மாதம் பனி கொட்டியது. பனியில் ஓட்ட உமாபதிக்குப் பயம். (அவர் இதை ‘முன்ஜாக்கிரதை’ என்பார்.) காரைக் கொட்டகையில் விட்டுப் பூட்டிவிட்டு பஸ்ஸில் போய்வந்தார். பொரியை யாரும் கூட்டவில்லை.

3

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை உமாபதி கார்க் கதவைத் திறந்தார். நாற்றம் முதலில் வந்தது, பிறகுதான் அவர் குரல்.

“மாமி! உங்க பொரி!”

நான் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் இறங்கினேன். (ஒப்புக்கொள்கிறேன், கூப்பிடாவிட்டாலும் இறங்கியிருப்பேன்.) பின்ஸீட்டைத் தூக்கியிருந்தார். கீழே ஸீட்டுப் பஞ்சு, கம்பளி நூல், கந்தலான காகிதம் எல்லாம் சேர்த்து ஒரு கூடு. அதற்குள் சுண்டுவிரல் நுனி நீளத்தில் ஆறு, ரோஜா நிறத்தில், தோல் மட்டும் உடுத்திக்கொண்டு. பிறந்து ஒரு நாள் ஆகியிருக்கும்.

[அந்தக் காகிதம் ஒண்டாரியோ மாகாண வரைபடம். கிங்ஸ்டனுக்கு அப்பால் டொராண்டோ போகிற சாலை முழுவதையும் எலி தின்றிருந்தது.]

இது நான் சேர்த்தது. நிஜத்தில் அது பழைய டெலிபோன் டைரக்டரி. ஆனால் ஆசை எப்படியெல்லாம் பொய்சொல்லும் என்பதற்கு இருக்கட்டும் என்று அடிக்காமல் விட்டிருக்கிறேன்.

கட்டடத்தைக் கவனித்துக்கொள்ளும் முசியே லவுவா எட்டிப்பார்த்து, “சூரி, சூரி!” என்று உதட்டைப் பிதுக்கினார். எலிக்குப் பிரெஞ்சு அப்படித்தானாம். விஷ டப்பா கொண்டுவரட்டுமா என்று கையால் கேட்டார்.

கொட்டகை வாசலிலேயே நின்ற அனுசூயா (எலி என்றால் அவளுக்குக் குலை நடுங்கும்) சட்டென்று சொன்னாள்: “பார்த்தீங்களா, மூஞ்சூறுல பாதியை அவரே சொல்றாரு. யாரோட வாகனம்னு அவருக்கும் தெரியுது. கொல்லக்கூடாது.”

“அனு, இது என்னோட வாகனம்.”

“உங்க வாகனத்துக்குள்ள அவரு வாகனம்.”

“சரி, கொல்லலை. ஒரு பெட்டியில எடுத்து வெளிய வெச்சிடறேன்.”

“கண்ணு திறக்காததை இடம் மாத்தக்கூடாதுங்க. மாத்தினா, நாம குடிபோற இடத்துல நமக்குக் கண்ணு தெரியாது. எங்க ஊர்ப்பக்கம் சொல்வாங்க.”

எந்த ஊர்ப்பக்கமும் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. பொய் எனக்கு வாசனையிலேயே தெரிந்துவிடும். அன்றைக்கு எலி நாற்றத்தில் மூக்கு வேலைசெய்யவில்லை.

நூலகத்துக்குப் போய்க் கலைக்களஞ்சியம் பார்த்தேன். சுண்டெலிக்குட்டி பதினாலாம் நாள் கண் திறக்கும். இரண்டு வாரம்தானே என்று உமாபதி ஒத்துக்கொண்டார். தினமும் பார்ப்பது யார்? அனுசூயாவால் முடியாது. “உமாபதி, நீங்க கிட்டவே போகப்படாது” என்றேன். “ஆம்பிளை வாசனை பட்டா தாய் எலி குட்டியைத் தின்னுடும்.” கலைக்களஞ்சியத்தில் அப்படி இல்லை. ஆனால் உயிருள்ள எதைப் பற்றிச் சொன்னாலும் அந்த மனுஷர் நம்பிவிடுவார்.

ஆக, பார்க்கிற வேலை எனக்கு வந்தது.

4

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். அனுசூயாவை ரொம்ப நல்லவளாக எழுதுகிறேனோ?

அவள் சீட்டாட்டத்தில் ஏமாற்றுவாள். என் இட்லித் தட்டை வாங்கிப்போய் இரண்டு வருஷம் வைத்துக்கொண்டாள். பாதிக் கதை சொல்லும்போதே தானே சிரிக்க ஆரம்பித்துவிடுவாள், நமக்கு மீதிக் கதை கிடைக்காது. டொலார்ட் என்கிற புறநகரில் வீடு வாங்கிப் போன ஒரு டாக்டர் மனைவி, பேஸ்மெண்ட்டுக்குக் கம்பளம் போட்டதை மூன்று பஜனைக்கு மூன்று தடவை சொன்னதை, நடித்தே காட்டுவாள், என் சமையலறையில், புடவை நுனியைக் கம்பளமாக விரித்து.

ஐந்து வருஷம். வாரநாள் தவறாமல் பதினொரு மணிக்குப் பின்படி ஏறி வருவாள். அறைக்குச் சூடு தரும் ரேடியேட்டரை ஒட்டி நாற்காலியை இழுத்துப் போட்டு, பாதத்தை அதன்மேல் வைத்துக்கொள்வாள். ஆரஞ்சு உரித்துத் தோலை ரேடியேட்டர்மேல் வரிசையாக அடுக்குவாள். ஜனவரியில் வெளியே மைனஸ் இருபத்தைந்து. உள்ளே ஆரஞ்சு வாசனை, காபி, உலகத்தார் குற்றங்குறை. அவள் போனபிறகும் அந்தத் தோலை நான் எடுக்கமாட்டேன். காய்ந்து சுருண்டு கருகுகிறவரை கிடக்கும்.

பென்சில்: ‘இதை என்னிடம் சொன்னதே இல்லையே.’

உங்களிடம் எதற்குச் சொல்வது? வம்பு பேச இரண்டு பெண்கள் வேண்டும்.

ஏப்ரல் மூன்றாம் வாரம் அனுசூயா இட்லித் தட்டைத் திருப்பிக்கொடுத்தாள். நன்றாகத் தேய்த்து, புளி போட்டு, பளபளவென்று. அதை வாங்கி அலமாரியில் வைத்தபோதுதான் எனக்கு உறைத்தது. இரவல் பாத்திரம் திரும்பி வந்தால் ஆள் கிளம்பிவிட்டாள் என்று அர்த்தம்.

5

வெள்ளிக்கிழமை, ஏப்ரல் இருபத்திரண்டு. கோட்டு மாட்டிக்கொண்டு பத்தரைக்குக் கொட்டகைக்குப் போனேன். ஸீட்டை மெதுவாகத் தூக்கினேன். குட்டிகளுக்கு இப்போது சாம்பல் மயிர் வந்திருந்தது. ஒன்று தலையைத் தூக்கியது. கண். கடுகு அளவு, எண்ணெயில் விழப்போகிற கடுகு மாதிரி ஒரு மினுக்கல். என்னைத்தான் பார்த்தது. அது உலகத்தில் பார்த்த முதல் முகம் ஒரு வம்புக்காரியின் முகம். பாவம்.

மேலே வந்தேன். பெட்டி கட்டுகிற வேலையில் அனுசூயாவுக்கு அந்த வாரம் மாடி ஏற நேரமில்லை. பதினொரு மணிக்கு டெலிபோன் வந்தது.

“மாமி, கண்ணு திறந்திடுச்சா?”

“இன்னும் கண் திறக்கலை” என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை. யோசித்திருந்தால் இதைவிட நல்ல பொய்யாகச் சொல்லியிருப்பேன்.

சனிக்கிழமை சொன்னேன். ஞாயிறு சொன்னேன். திங்கட்கிழமை குட்டிகள் கூட்டைவிட்டு இறங்கி முன்ஸீட்டுவரை போய்வந்துகொண்டிருந்தன, அன்றும் சொன்னேன். செவ்வாய்க்கிழமை உமாபதி படியில் மடக்கினார்.

“மாமி, பதினெட்டு நாளாச்சு. இது என்ன எலியா, கும்பகர்ணன் வம்சமா?”

“கனடா குளிர், உமாபதி. இங்கே எல்லாமே மெதுவாத்தான் நடக்கும். உங்க கிரீன் கார்டு மாதிரி.”

“கிரீன் கார்டு அமெரிக்கால, மாமி.”

“அதுதான் இங்கே வரவேயில்லை.”

சிரித்துவிட்டார். சிரிக்கவைத்து ஏமாற்றுவது எனக்குக் கைவந்த கலை. ஆனால் புதன்கிழமை நான் ஆறாவது தடவையாகச் சொன்ன பிறகு, சாயங்காலம் அவர் மேலே வந்து, உட்காராமலே சொன்னார்: “நாளைக்கும் திறக்கலைன்னா நான் சனிக்கிழமை ரயில்ல கிளம்பறேன் மாமி. அனு இங்க இருக்கட்டும். கார் காலியானதும், ஜூன் ஆனாலும் சரி, நான் வந்து அவளையும் காரையும் கூட்டிட்டுப் போறேன். திறந்திருந்தா, சனிக்கிழமை ரெண்டு பேரும் காரிலயே போயிடறோம். வேற வழி தெரியலை.”

ஜூன். நான் ஒரு வாரத்துக்கு ஆசைப்பட்டேன். தட்டில் ஒரு மாதத்துக்குமேல் வைத்து நீட்டினார். ஒரு புருஷனையும் பெண்டாட்டியையும் இரண்டு ஊரில் பிரித்துவைக்க எலிக்குட்டியை உபயோகப்படுத்தினவள் என்று எனக்கு ஒரு பேர் வரும். (வந்தால், அதைப் பரப்புகிறவளும் நானாகத்தான் இருப்பேன்.)

6

எழுத்தாளர்கள் இந்த இடத்தில் முடிவுகளை அடுக்கிக் காட்டுவார்கள். நானும் முயன்றேன்.

[தாய் எலி தானாகவே குட்டிகளைக் கவ்விக்கொண்டு ஒவ்வொன்றாக]

சௌகரியமான முடிவு. யாரும் எதுவும் சொல்லவேண்டாம். எனக்குப் பிடிக்கவில்லை. எலி என்னைவிட யோக்கியமாகிவிடுகிறது.

[முசியே லவுவா யாரையும் கேட்காமல் விஷத்தை]

எழுத முடியவில்லை. அந்த மனுஷர் அப்படிச் செய்யவுமில்லை. குளிருக்கு அடக்கமாக இருக்கட்டும் என்று கார் ஜன்னலில் ஒரு கோணி மாட்டினார்.

[மாமி உண்மையைச் சொல்லி அழுதாள். அனுசூயாவும்]

பென்சில்: ‘நீ அழுது நான் பார்த்ததில்லை.’

அதனால் அதையும் விட்டேன். நடந்ததை எழுதுகிறேன், எதுவரை எழுத முடிகிறதோ அதுவரை.

7

வியாழக்கிழமை உண்மையைச் சொல்லிவிடுவதென்று தீர்மானித்தேன். ‘திறந்துடுத்து’, ஒரே சொல். குளிக்கும்போது சொல்லிப்பார்த்தேன். காபி போடும்போது சொல்லிப்பார்த்தேன். கோட்டை மாட்டிக்கொண்டும் கொட்டகைக்கு இறங்காமல், சமையலறை ஜன்னலண்டை நின்றுகொண்டிருந்தேன். மணி பத்தே முக்கால்.

கீழே பின்கதவு திறந்தது. அனுசூயா வந்தாள். கோட்டு இல்லை, புடவைமேல் ஸ்வெட்டர் மட்டும். நேரே கொட்டகைக்குப் போய், என் ஜன்னலுக்கு நேர் எதிரே இருக்கிற அதன் கதவை அகலத் திறந்தாள். எலி என்ற சொல்லைக் கேட்டால் நாற்காலிமேல் ஏறுகிறவள், கார்க் கதவைத் திறந்து, குனிந்து, ஸீட்டைத் தூக்கினாள்.

கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு குந்தி உட்கார்ந்தாள். மூன்று நிமிஷம், நாலு நிமிஷம். ஒரு குட்டி ஸீட்டு விளிம்புக்கு ஓடிவந்து நின்றதை மாடியிலிருந்து நானே பார்த்தேன். அவளுக்கு ஒரு முழம் தூரத்தில். அவள் நகரவில்லை. அப்புறம் ஸீட்டை இறக்கினாள், கதவைச் சத்தம் வராமல் சாத்தினாள், வீட்டுக்குள் போனாள்.

பதினொரு மணிக்கு டெலிபோன் அடித்தது.

“மாமி” என்றாள். மூச்சு கொஞ்சம் வாங்கியது. பின்னால் உமாபதி அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டுகிற சத்தம். அன்று லீவு போட்டிருந்தார், பதிலுக்காக. “மாமி, கண்ணு திறந்திடுச்சா?”

நான் சொன்னது: “                              ”

பென்சில்: ‘இங்கே விட்டுப்போயிருக்கிறது.’

விட்டுப்போகவில்லை. அந்த இடம் உங்களுக்கு. ஒரு சொல் போட்டால் சனிக்கிழமை. மூன்று சொல் போட்டால் ஜூன். அவள் எதைக் கேட்க நினைத்து அந்தக் கேள்வியைக் கேட்டாள் என்று உங்களுக்குத் தெரிந்தால் போடுங்கள். நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது என்று வைத்துக்கொண்டு போடலாம். ஆனால் அந்த ஜன்னலில் நான் எந்நேரமும் நிற்பேன் என்பது இந்தத் தெருவுக்கே தெரியும். ஐந்து வருஷம் அவளும் என் பக்கத்தில் நின்றிருக்கிறாள்.

சீக்கிரம் சொல்லுங்கள். அவள் லைனில் இருக்கிறாள். டேப் ஒட்டுகிற சத்தம் நின்றுவிட்டது.