மிச்சமான நாலு விநாடி

மின்விசிறி மோட்டாருக்கு மூடி போடும் வரிசையில் அவளைக் குட்டையக்கா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். ஆள் குட்டை, வாய் நீளம். பெட்டியிலிருந்து ஒன்றரைக் கிலோ இரும்பு மூடியை எடுத்து, மோட்டார்மேல் பொருத்தி, நாலு திருகாணி முடுக்கித் தள்ளிவிட வேண்டும். ஆளுக்கு ஒரு ஷிப்டுக்கு அறுநூறு. குனிந்து குனிந்து எடுக்க முடியாமல், உடைந்த மரச்சட்டங்களை ஆணியடித்து ஒரு மேடை செய்து, பெட்டியை அதன்மேல் ஏற்றி வைத்திருந்தாள்.

திங்கட்கிழமை காலை வந்து பார்த்தால் மேடையைக் காணோம். தரையில் மஞ்சள் பெயிண்டால் ஒரு கட்டம்; கட்டத்துக்குள் பெட்டி.

சூப்பர்வைசர் அவள் கொழுந்தன். "தேவையில்லாத சாமானெல்லாம் எடுக்கச் சொல்லிட்டாங்க அண்ணி. லிஸ்ட்ல அது இல்ல."

"லிஸ்ட்ல என் இடுப்பு இருக்கா?"

"அண்ணியெல்லாம் வீட்டோட. இங்க நான் சூப்பர்வைசர்."

"சரிங்க சூப்பர்வைசர். நேத்து என் வீட்டுல வந்து மூணு தடவ சோறு வாங்கிச் சாப்பிட்டது யாருன்னு விசாரிச்சுச் சொல்லுங்க."

வரிசையே சிரித்தது. மேடை மட்டும் வரவில்லை.

மூன்றே நாளில் கீழே விழுந்த சோப்பை எடுக்கக்கூட அவளால் குனிய முடியவில்லை. தைலம் தேய்த்துவிட்ட புருஷன், "பெருசு பண்ணாத. தம்பி வேலைக்கு ஏதாவது ஆயிடப் போகுது" என்றான்.

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. "தம்பி வேலைன்னா பதறுது. என் முதுகு என்ன ஊரான் வீட்டு முதுகா?" கையைத் தட்டிவிட்டுத் திரும்பிப் படுத்தாள்.

மறுநாள் ஸ்டாப்வாட்சோடு ஒரு இன்ஜினியர் வந்து அவள் முதுகுக்குப் பின்னால் நின்றார். அரைமணி நேரம் எழுதினார். பிறகு, "ஒவ்வொரு பீஸுக்கும் நாலு விநாடி வீணாகுதும்மா" என்றார்.

"எதுல சார்?"

"குனிஞ்சு எடுக்கறதுல."

கையிலிருந்த மூடியை நங்கென்று பலகையில் வைத்தாள். "குனிய வெச்சது யாருன்னு எழுதினீங்களா? இருந்த மேடையத் தூக்கி எறிஞ்சுட்டு, இப்ப வீண்னு எங்கிட்டயே சொல்றீங்களா? வாங்க சார், நீங்க எடுங்க. இருபது பீஸ்." கடிகாரத்தை அவர் கையிலிருந்தே வாங்கிக்கொண்டாள்.

வரிசை நின்றுபோனது. இத்தனை பேர் பார்க்கும்போது மறுக்க அவருக்கு வெட்கம். குனிந்தார். பதினேழாவது மூடியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"உங்களுக்கு பீஸுக்கு ஒன்பது விநாடி சார்," என்றாள் அவள்.

நல்ல மனிதர்தான். அடுத்த வாரமே, மூடி குறையக் குறையத் தானே மேலேறி வரும் இரும்பு மேடை வரிசையில் ஆளுக்கு ஒன்றாக வந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும், சுகமாக இருந்தது. இரண்டு நாள் வலி தெரியாமல் வீட்டுக்குப் போனாள். மூன்றாம் நாள் கரும்பலகையில் அறுநூறை அழித்து அறுநூற்று அறுபது என்று எழுதியிருந்தார்கள்.

நின்ற இடத்திலேயே கணக்குப் போட்டாள். அறுநூறு தடவை நாலு விநாடி, நாற்பது நிமிடம். அதில் ஒரு நிமிடம்கூடத் தனக்கில்லை.

அன்று அவளும் வரிசையின் மற்ற ஐந்து பெண்களும் சரியாக அறுநூறு முடித்துக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஷிப்டு முடிய இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது.

கொழுந்தன் ஓடி வந்தான். "அண்ணி, காலுல விழறேன். என் பொழப்பு போயிடும்."

"குனியாத. இடுப்பு பிடிச்சுக்கும்."

மேனேஜரே இறங்கி வந்தார். "மேடை வாங்கிக் குடுத்தது கம்பெனிம்மா."

"முதுகு குடுத்தது நாங்க. இரும்பு உங்களுது, அதுல மிச்சமான நேரத்துல எங்களுக்குப் பங்கு வேணும்."

பேச்சு இரண்டு நாள் இழுத்தது. கடைசியில் அறுநூற்று முப்பது என்றும், நடுவே இரண்டு தடவை பத்துப் பத்து நிமிடம் உட்காரலாம் என்றும் முடிவானது. பெண்கள் கைதட்டினார்கள். வரிசையை நிறுத்தியதற்கான எச்சரிக்கைக் கடிதம் மட்டும் அவள் ஒருத்தி பெயருக்கு வந்தது. கொழுந்தன் முகத்தைப் பார்க்காமல் நீட்டினான்.

முழுதும் படித்தாள். பேனாவை வாங்கி, தாள் கிழிகிற அழுத்தத்தில் எழுதினாள்: 'பெற்றுக்கொண்டேன். ஒப்புக்கொள்ளவில்லை.'