விளக்கு எரிந்தால் மட்டும்

தாடையைத் தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டியில் ஒட்டவைத்து, இடது கண்ணை மூடிவிட்ட பிறகு, கண் ஆஸ்பத்திரியில் பரிசோதனை செய்கிற அம்மா என் கையில் ஒரு பொத்தானைத் திணித்தார்.

"நடுவுல மஞ்சப் புள்ளி தெரியுதா? அதை மட்டும் பாருங்க. சுத்தி எங்க வெளிச்சம் மின்னுனாலும் ஒரு அழுத்து. கண்ணு மட்டும் நகரக்கூடாது."

தலையாட்டக்கூட பயமாக இருந்தது. ஆறு வருடம் முன்பு வெயில் பட்டாலே என் முகம் தடித்துச் சிவக்கும். தலையில் வட்டவட்டமாக முடி கொட்டியது. பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரி எழுந்து நின்றுகொண்டே வந்த நாளில், இறங்கும்வரை நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். தோல் டாக்டர் தினம் இரண்டு வெள்ளை மாத்திரை எழுதினார். நாலு மாதத்தில் என் முகம் எனக்குத் திரும்பக் கிடைத்தது. வருடா வருடம் கண்ணைச் சோதிக்க வேண்டும், அபூர்வமாக விழித்திரையைப் பாதிக்கும் என்றும் சொல்லியிருந்தார். அபூர்வம் என்ற வார்த்தையை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு மூன்று வருடம் டிமிக்கி கொடுத்தேன்.

நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். மூன்று மாதமாக, ஒரு எழுத்தைப் பார்த்தால் அதற்குப் பக்கத்து எழுத்து காணாமல் போகிறது. கண்ணை நகர்த்தினால் வந்துவிடுகிறது. யாரிடமும் மூச்சு விடவில்லை. மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டால் முகம் போய்விடும். நிறுத்தாவிட்டால் கண். அக்கா மட்டும் ஏதோ மோப்பம் பிடித்து, விட்டமின் டப்பா ஒன்றை வாங்கி வந்தாள்.

"இதைப் போடு. பருந்துக் கண்ணு வந்துரும்."

"வந்தா முதல்ல உன் வீட்டு ஒட்டடைதான் தெரியும், பரவாயில்லையா?"

சிரித்தாள். ஆனாலும் இன்று கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டாள்.

அறை விளக்கு அணைந்தது. ஓரத்தில் ஒரு பொட்டு வெளிச்சம், அழுத்தினேன். ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் முன்னால் இயந்திரம் மெல்ல 'டிக்' என்றது. கொஞ்ச நேரத்தில் 'டிக்' மட்டும் கேட்டது, வெளிச்சம் வரவில்லை. சத்தத்துக்கே அழுத்த ஆரம்பித்தேன்.

முடிந்ததும் அந்த அம்மா இயந்திரம் தந்த தாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நடுநடுவுல மெஷின் விளக்கே போடாம சத்தம் மட்டும் கொடுக்கும்மா. அதுக்கும் அழுத்தியிருக்கீங்க. பதினோரு தடவை." குரலில் கோபம் இல்லை. "இப்படியே கொடுத்தா கண்ணு நல்லா இருக்குன்னு நினைச்சு டாக்டர் மாத்திரையைத் தொடரச் சொல்லிடுவார். அஞ்சு நிமிஷம் வெளிய உக்காந்துட்டு வாங்க."

வெளியே அக்கா குடையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எழுத்து தெரியலைக்கா."

"எத்தனை நாளா?"

"மூணு மாசமா."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் கை குடைக் காம்பை இறுக்கியது.

"வெயிலுக்குக் குடை பிடிக்கலாம்டி. கண்ணுக்கு என்னத்தைப் பிடிக்கிறது? போ. தெரிஞ்சதுக்கு மட்டும் அழுத்து."

மறுபடி இருட்டு, மறுபடி மஞ்சள் புள்ளி. ஓரத்தில் மின்னியது, அழுத்தினேன். மேலே மின்னியது, அழுத்தினேன். அப்புறம் 'டிக்.' ஒன்றுமில்லை. கட்டைவிரல் தானாக இறங்கப் பார்த்தது, பிடித்து நிறுத்தினேன். மறுபடி 'டிக்.' இது இயந்திரம் சும்மா கொடுத்த சத்தமா, என் கண்ணில் விழுந்த ஓட்டையா என்று எனக்குத் தெரியவில்லை. 'டிக்.' மஞ்சள் புள்ளியை விடாமல் பார்த்தபடி, பொத்தானுக்கு மேலே விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு, நான் வெளிச்சத்துக்காகக் காத்திருந்தேன்.